டர்பன் விரிகுடாவில் இலகு தூண்டில்: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கடையில் கையில் எடுத்துச் சுழற்றிப் பார்த்தால் எல்லா ரீலும் நல்ல ரீல்தான். உப்பும் மணலும் உள்ளே புகுந்த பிறகுதான் அதன் குணம் தெரியும். 2018-இல் வாங்கிய ஏழடி கிராஃபைட் தூண்டில் கோலையும் 3000 அளவு ஸ்பின்னிங் ரீலையும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுக விரிகுடாவிலும் உம்கெனி ஆற்றின் முகத்துவாரத்திலும் இன்றுவரை பயன்படுத்தி வருகிறேன். திறந்த கடலில் வீசுவதற்கல்ல. முழங்கால் ஆழத் தண்ணீரில், மணல்திட்டு ஓரங்களிலும் கண்டல் மரங்களின் அடியிலும் வீசுவதற்கான கருவி இது. அந்த வேலைக்கு இது எப்படி உழைத்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் மீனைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கருவியைத் தீர்மானிப்பது மீன்தான். விரிகுடாவின் நடுவே சென்டர் பேங்க் என்ற பெரிய மணல்திட்டு இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் டர்பனில் காலை பத்து மணியளவில் முழு வற்றம். பிறகு தண்ணீர் ஏறத் தொடங்கியதும் புள்ளிக் கிரன்டர் மீன்கள் திட்டின் மேல் ஏறி வரும். மணலுக்குள் வளை தோண்டி வாழும் இறாலைத் தேடி, தலையைக் கீழே குத்தி, வாயால் தண்ணீரை ஊதி வளையை உடைக்கும். அப்போது வால் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும். சேறு சிறு புகைபோல எழும். அந்த வாலுக்கு இரண்டு முழம் முன்னால், சத்தமில்லாமல் இரை விழ வேண்டும். கனத்த கோலால் இது நடக்காது. பத்து கிராம் எடையை மெதுவாக, குறி தவறாமல் எறியத் தெரிந்த கோல் வேண்டும். இந்தக் கோலின் நுனி இத்தனை ஆண்டுகளில் தளரவே இல்லை. நூல் ஓடும் வளையங்களில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

கிரன்டருக்கு வாய் மென்மை. கொக்கி பட்ட நொடியில் அது பாயும். அப்போது ரீலின் டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நூலை அளவாக விட்டுக்கொடுக்கும் பிரேக், திக்கித் திக்கி நூலை விட்டால் வாய் கிழிந்து மீன் போய்விடும். ஆகவே, எத்தனை கிலோ இழுவையைத் தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருப்பதை நான் பார்ப்பதே இல்லை. முதல் அங்குலம் நூல் எவ்வளவு வழுவழுப்பாக வெளியேறுகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். இந்த விஷயத்தில் என் ரீலுக்கு முழு மதிப்பெண். பத்து பவுண்டு பின்னல் நூல், அதன் முனையில் இருபது பவுண்டு ஃபுளூரோகார்பன் (தண்ணீரில் எளிதில் தெரியாத ஒற்றையிழை நூல்) என்ற சேர்க்கையிலிருந்து நான் மாறியதில்லை.

குறை வேறோர் இடத்தில் வந்தது. நூல் ரீலுக்குள் திரும்பி வரும் வழியில் சிறு உருளை ஒன்று உண்டு. அதற்குள் இருக்கும் பேரிங்தான் உப்பு நீருக்கு முதலில் பலியாகிறது. மூன்றாம் ஆண்டில் அது கீச்சிட ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் சுழலவே மறுத்தது. சுழலாத உருளையின் மேல் பின்னல் நூல் உரசி உரசி, நூலின் நிறம் வெளுத்து, இழைகள் பிரிந்துவிட்டன. வாங்கிய கடையில் பழுதுக்குக் கொடுத்தேன். மாதக் கணக்கில் பதில் இல்லை. கடைசியில் நானே பேரிங் வாங்கி மாற்றினேன். பத்து நிமிட வேலை. இப்போது ஒவ்வொரு முறையும் வீடு திரும்பியதும் டிராக்கை இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாகத் தெளித்துக் கழுவி, துடைத்து, காய்ந்த பின் டிராக்கைத் தளர்த்தி வைக்கிறேன். குழாயை வேகமாகத் திறந்து அடித்தால் உப்பும் மணலும் இன்னும் உள்ளேதான் போகும். உருளைக்கு அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய். அதன் பிறகு தொல்லை இல்லை.

செயற்கை இரை பற்றி எனக்கும் மாமாவுக்கும் ஒத்துப் போவதில்லை. 1860-க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம்மவர்களில் சிலர், ஒப்பந்தம் முடிந்ததும் இந்த விரிகுடாவில் இருந்த சாலிஸ்பரி தீவில் குடியேறி வலை இழுத்து வாழ்ந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தத் தீவு கடற்படைத் தளமானது. மாமா அந்த வழியில் வந்தவர். "உயிருள்ள இறாலை விட்டுவிட்டு ரப்பரைக் காட்டி மீனை ஏமாற்றுகிறாயே, தம்பி" என்பார். பம்பு வைத்து மணல் இறாலை உறிஞ்சி எடுத்து முள்ளில் கோத்தால் மீன் அதிகம் கிடைக்கும் என்பதில் சந்தேகமில்லை. உரிமம் உள்ள ஒருவர் நாளொன்றுக்கு ஐம்பது எடுக்கலாம். ஆனால் நீர்ப்பரப்பில் ஓடும் சிறு இறால் வடிவ இரையின் பின்னால் தண்ணீர் மேடிட்டு வருவதைப் பார்த்துவிட்டால் பம்பைத் தொட மனம் வராது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மீன் பின்தொடரும்போது சுற்றுவதை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் திரும்பிப் போய்விடும். ஒரே சீராகச் சுற்றி, கோல் வளைந்து பாரம் தெரிந்த பிறகே தூக்க வேண்டும்.

மும்முனைக் கொக்கிகளை எல்லாம் கழற்றிவிட்டு ஒற்றை முள் போட்டிருக்கிறேன். காரணம், கண்டல் ஓரத்தில் மாலையில் கடிக்கும் கோப் மீன். நம் ஊர்க் கத்தாளை இனத்தைச் சேர்ந்தது. கரையிலிருந்து பிடிப்பவர் 60 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட ஒன்றைத்தான் ஒரு நாளில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த மீன் முட்டையிடும் பருவத்தை எட்டுவது ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்தில். அதாவது, சட்டம் அனுமதிக்கும் மீனும் பெரும்பாலும் இன்னும் குஞ்சுதான். ஆகவே கோப் எதுவானாலும் தண்ணீரிலேயே முள்ளைக் கழற்றி விட்டுவிடுகிறேன். குழம்புக்குக் கிரன்டர் போதும்: 40 சென்டிமீட்டருக்கு மேல், நாளுக்கு ஐந்து வரை அனுமதி உண்டு. ஒன்று கிடைத்தாலே புளியும் மாங்காயும் போட்டு வீடே சாப்பிடலாம்.

காலுக்குத் தடித்த அடிப்பாகமுள்ள ரப்பர் காலணி கட்டாயம் வேண்டும். சிப்பி வெட்டினால் புண் ஆற நாளாகும். காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துக்கொண்டே நடந்தால் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போகும். பெருமழைக்குப் பின் சில வாரங்கள் உம்கெனி முகத்துவாரத்தில் இறங்காதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு சாக்கடை கலந்த பழுப்பு நீரைப் பார்த்தவன் நான். நெடுங்காலம் அங்கே கால் நனைக்கவே இல்லை.

துறைமுகச் சுவரிலிருந்தோ அலைக்கரையிலிருந்தோ வீச நினைப்பவர்களுக்கு இந்தக் கோல் உதவாது. அங்கே பெரும் பாரை ஒன்று கடித்தால் 3000 அளவு ரீலில் நூல் போதாது. மணல்திட்டுக்கும் கண்டலுக்கும் என்றால் தயங்காமல் வாங்கலாம். அப்படியே அந்த உருளைக்கான உதிரி பேரிங் ஒன்றையும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.