"முழு செட்"னு சொன்னா நம்பி பணம் அனுப்பாதீங்க: பழைய மெலடி மேக்கர் வாங்கப் போய் நான் ஏமாந்தது

மக்களே, இதை எழுதலாமா வேணாமான்னு நாலு மாசமா யோசிச்சுட்டு இருந்தேன். ஏமாந்ததை ஊருக்கே சொல்றதுக்கு யாருக்குத்தான் ஆசை இருக்கும். ஆனா போன வாரம் அதே ஆளு, அதே போட்டோ, அதே வாசகம், "கடைசி செட், முந்துபவர்களுக்கே"ன்னு மறுபடியும் விளம்பரம் போட்டிருக்காரு. எனக்கு வித்ததும் "கடைசி செட்"தான். அதான் வெக்கத்தைப் பார்க்காம எழுதுறேன்.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி. மெலடி மேக்கர் பிரிட்டன்ல 1926ல தொடங்கின இசைப் பத்திரிகை, முதல்ல மாசத்துக்கு ஒண்ணு, 1933ல இருந்து வாராவாரம், கடைசியா 2000 டிசம்பர்ல என்எம்இங்கிற இன்னொரு இசைப் பத்திரிகைக்குள்ள சேர்த்துட்டு இதை மூடிட்டாங்க. ஆரம்பத்துல டான்ஸ் பேண்ட், ஜாஸ் வாசிக்கிறவங்களுக்கான பத்திரிகையாத்தான் இருந்துச்சு, ராக் பக்கம் எல்லாம் அப்புறம் திரும்பினது.

எல்லாரும் பேட்டிக்காக சேர்ப்பாங்க, எனக்கு வேண்டியது பின்பக்க வரி விளம்பரங்கள். "கிடாரிஸ்ட் தேவை", "பாடகி, பேண்ட் தேடுகிறார்" மாதிரி பொடி எழுத்துல அடைச்சு வச்சிருப்பாங்களே, அது. சிரிக்காதீங்க, அந்தப் பக்கத்துலதான் பாதி வரலாறு இருக்கு. ஸ்டீவ் ஹாக்கெட் 1970 கடைசில அதுல ஒரு விளம்பரம் கொடுத்தாரு, ஜெனிசிஸ் ராக் பேண்டோட பாடகர் பீட்டர் கேப்ரியல் அதைப் பார்த்துட்டு கூப்பிட்டாரு, ஜெனிசிஸுக்கு கிடாரிஸ்ட் கிடைச்சாச்சு. பாடகி ஆலிசன் மோயெட் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்துட்டு கீபோர்டு வாசிக்கிற வின்ஸ் கிளார்க் பேசினதுலதான் யாஸூங்கிற ஜோடி பேண்ட் வந்துச்சு, அப்புறம் 1985ல அதே கிளார்க் தானே ஒரு விளம்பரம் கொடுத்து பாடகர் ஆண்டி பெல்லைப் பிடிச்சாரு, அந்த பேண்ட்தான் இரேஷர். இதையெல்லாம் அச்சான பக்கத்துலயே கண்ணால பார்க்கணும், பக்கத்துல வேற யார் யாரு என்ன தேடினாங்கன்னு படிக்கணும்னு ஒரு கிறுக்கு எனக்கு.

இந்த நேரத்துல சேகரிப்பாளர்கள் மத்தியில ஒருத்தரோட விளம்பரம் கண்ணுல பட்டுச்சு. "1970 முதல் 1979 வரை முழு செட், உயர் தர ஸ்கேன், ஹார்ட் டிஸ்க்கில். கூடவே 60 அசல் இதழ்கள், 22 ஜனவரி 1972 டேவிட் போவி இதழ் உட்பட. போனஸாக 2003 வரை தேர்ந்தெடுத்த இதழ்கள்." 2003! பத்திரிகை மூடினதே 2000ல, அங்கேயே நான் சிரிச்சுட்டு கிளம்பியிருக்கணும். டைப்பிங் மிஸ்டேக்கா இருக்கும்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். ஆசை வந்துட்டா கண்ணு இருக்கிற இடத்துல இருக்காது.

போவி இதழ் ஏன் தூண்டில்னு சொல்லிடுறேன். அந்த இதழ்லதான் பத்திரிகையாளர் மைக்கேல் வாட்ஸ் எடுத்த பேட்டியில, தான் கே, அதாவது தன்பால் ஈர்ப்பு உள்ளவர்னு பிரிட்டிஷ் ராக் பாடகர் போவி வெளிப்படையா சொன்னாரு, அதனால 70கள் மெலடி மேக்கர்ல சேகரிக்கிறவங்க முதல்ல தேடுற இதழ்கள்ல அதுவும் ஒண்ணு. ஒருத்தர் அதை "உட்பட"ன்னு ஒரு ஓரமா போட்டு விக்கிறாருன்னாலே உஷாராகியிருக்கணும்னு இப்போ தோணுது.

பேசும்போது ஆளு ரொம்ப தங்கமா பேசினாரு. ப்ரோ, ப்ரோன்னு. நான் ஒவ்வொரு இதழோட தேதியையும் லிஸ்ட்டா கேட்டேன், "ப்ரோ 520 இதழுக்கு லிஸ்ட் போட்டா எனக்கு ஒரு வாரம் ஆகும், நம்பிக்கைதானே எல்லாம்"னாரு. கடைசிப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்புங்கன்னேன், "பண்டல் கட்டிட்டேன் ப்ரோ, பிரிச்சா காகிதம் உடைஞ்சிடும்"னாரு. பணத்தை பேபால்ங்கிற ஆன்லைன் சேவையில அனுப்புறேன்னதும், நண்பர்கள் குடும்பத்துக்கு அனுப்புற வழியில அனுப்புங்க, இல்லன்னா எனக்கு கமிஷன் பிடிச்சிடுவான்னு கேட்டாரு. அனுப்பினேன். இந்த வரியை எழுதும்போதே கை கூசுது. அந்த வழியில அனுப்புற பணத்துக்கு வாங்குறவர் பாதுகாப்புன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. பொருள் வாங்குறதுக்கான வழியில அனுப்பியிருந்தா 180 நாளுக்குள்ள புகார் கொடுத்திருக்கலாம், கமிஷனை நானே சேர்த்துக் கொடுத்திருந்தா கூட இவ்வளவு போயிருக்காது.

பார்சல் வந்துச்சு. முதல்ல ஹார்ட் டிஸ்க். ஃபோல்டரைத் திறந்தா வருஷத்துக்கு 52 ஃபைல், பத்து வருஷம், சரியா 520. அன்னிக்கு ராத்திரி நான் தூங்கவே இல்ல, சந்தோஷத்துல. மறுநாள்தான் விஷயம் புரிய ஆரம்பிச்சுது. 1971 மார்ச் மூணாவது வாரத்தைத் திறந்தா பிப்ரவரி இதழ் வருது. ஏப்ரலைத் திறந்தாலும் அதே பிப்ரவரி. ஃபைல் சைஸ் எல்லாம் கடைசி எண் வரைக்கும் ஒண்ணாவே இருக்கேன்னு, டூப்ளிகேட் கண்டுபிடிக்கிற ஒரு சாஃப்ட்வேர் போட்டு ஓடவிட்டேன். 520ல 187 ஃபைல், வேற ஃபைலோட நகல், பேரை மட்டும் மாத்தி வச்சிருக்காரு. எண்ணிக்கை கேட்டா காட்டறதுக்காகவே உக்காந்து பேர் மாத்தியிருக்காரு மனுஷன். அந்த ஒரு வாரத்துல எனக்கு லிஸ்ட்டே போட்டிருக்கலாம்.

மிச்சம் இருக்கிற 333லயாவது ஏதாவது தேறும்னு பார்த்தா, பாதிக்கு மேல முழு இதழ் இல்ல. பக்க எண் 3, 4, 9, 17, 18னு தாவுது. அட்டை, ஒரு பேட்டி, ஒரு கச்சேரி விமர்சனம், அவ்வளவுதான். இது ஏன்னு கொஞ்சம் யோசிச்சா புரியும். இந்த ஸ்கேன் எல்லாம் இவர் எடுத்ததே இல்ல, ஏதோ ஒரு பேண்டோட ரசிகர்கள் அவங்களுக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் எடுத்து எப்பவோ எங்கேயோ ஏத்தி வச்சது, அதையெல்லாம் வாரி ஒண்ணா கட்டியிருக்காரு. ரசிகன் எவனும் வரி விளம்பரத்தை ஸ்கேன் பண்ண மாட்டான். ஆக நான் எதுக்காக வாங்கினேனோ அந்தப் பின்பக்கம் முக்கால்வாசி ஃபைல்ல இல்லவே இல்ல. இருக்கிற ஒண்ணு ரெண்டுலயும் தெளிவு அங்குலத்துக்கு 72, 100 புள்ளி அளவுலதான், தலைப்பு படிக்கலாம், பொடி எழுத்தைப் பெரிசு பண்ணினா எறும்பு ஊர்ந்த மாதிரி கருப்பா தெரியுது. அந்த மாதிரி எழுத்தைப் படிக்கணும்னா குறைஞ்சது 300ல ஸ்கேன் பண்ணியிருக்கணும்.

இன்னும் வயித்தெரிச்சல் என்னன்னா, முழுசா இருந்த சில இதழ்கள் வேர்ல்ட் ரேடியோ ஹிஸ்டரி தளத்துல இலவசமாவே கிடக்கு. மெலடி மேக்கர் மட்டுமில்ல, அமெரிக்க இசைப் பத்திரிகை பில்போர்டு எல்லாம் அங்க அடுக்கி வச்சிருக்காங்க, பில்போர்டு பழைய இதழ்கள் கூகுள் புக்ஸ்லயும் அப்படியே புரட்டலாம். ஒரு பைசா கொடுக்கறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் அங்க தேடியிருந்தா இந்தப் பதிவே இருந்திருக்காது. போனஸ்னு சொன்ன 2003 ஃபோல்டர்ல என்ன இருந்துச்சுன்னு கேக்குறீங்களா? என்எம்இ பக்கங்கள், மேல பேரை மறைச்சு வெட்டினது.

இப்போ அசல் இதழ்கள் பக்கம் வருவோம். 60ன்னு சொன்னது 48 வந்துச்சு. பெட்டியைத் திறந்ததுமே பூஞ்சை வாடை, அடுத்த மூணு நாளைக்கு விடாம தும்மல். தயவுசெஞ்சு அந்த மாதிரி வந்த இதழை உங்க மத்த இதழோட ஒரே அலமாரில வச்சுடாதீங்க, தனியா ஒரு பெட்டில போட்டு ஈரம் இல்லாத இடத்துல வைங்க. கிழிஞ்ச இடத்துல எல்லாம் செல்லோ டேப் ஒட்டி, அந்தப் பசை பழுப்பாகி எழுத்தையே தின்னுருக்கு. "பாதுகாப்பா கவர் போட்டு வச்சிருக்கேன்"னு பெருமையா சொன்ன கவர், மலிவான பிவிசி, அது காகிதத்தோட ஒட்டிக்கிச்சு. பாலியஸ்டர் கவரும் அமிலம் இல்லாத அட்டையும்தான் போடணும்னு பழைய காகிதம் வச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

அப்புறம் ஓட்டைகள். பின்பக்கத்துல சதுரம் சதுரமா ஓட்டை, கத்தரியால சுத்தமா வெட்டினது. 48ல 19 இதழ்ல. அது அவர் வெட்டினது இல்ல, அதை ஒத்துக்கிறேன். 50 வருஷத்துக்கு முன்னாடி யாரோ ஒரு டிரம்மர் பேண்ட் தேடி வெட்டி சட்டைப் பையில போட்டுட்டுப் போயிருப்பான், அதை நினைச்சா கோபம் கூட வரல, அவனுக்கு இடம் கிடைச்சுதான்னுதான் தோணுது. ஆனா எனக்கு வேண்டியதே பின்பக்க விளம்பரம்தான்னு நான் மூணு தடவை எழுதிக் கேட்டிருக்கேன், அப்போ ஒரு வார்த்தை சொல்லியிருக்கணுமா இல்லையா? இதை அவர்கிட்ட கேட்டப்போ வந்த பதில்: "விளம்பரம்தானே ப்ரோ, கட்டுரை எல்லாம் முழுசா இருக்கே, அதை யாரு படிக்கப் போறா."

போவி இதழ்தான் உச்சம். மேலோட்டமா பார்த்தா பழசு மாதிரியே இருக்கு, பழுப்பு நிறம், மடிப்பு எல்லாம். கையில எடுத்ததும் கனம் சரியில்லையேன்னு சந்தேகம். பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தேன். அசல் அச்சுல படங்கள்தான் புள்ளி புள்ளியா இருக்கும், எழுத்து கெட்டியான கருப்பு மையா இருக்கும். இதுல எழுத்தும் புள்ளி புள்ளியா, கலர் கலரா இருக்கு, அப்படின்னா ஒரு பக்கத்தை படமா எடுத்து கலர் பிரிண்ட் போட்டிருக்காங்கன்னு அர்த்தம். இன்னொண்ணு, செய்தித்தாள் காகிதம் பழுப்பாகிறது அதுல இருக்கிற லிக்னின்ங்கிற சமாச்சாரத்தால, காத்தும் வெளிச்சமும் முதல்ல படுற ஓரத்துல இருந்து உள்ள போகும். இதுல அந்தப் பழுப்பையும் சேர்த்தே பிரிண்ட் போட்டிருக்காங்க, அதுவும் ஓரத்துக்கு ஒரு இழை முன்னாடியே நின்னு போயிருக்கு, அதைத் தாண்டி பளிச்சுன்னு வெள்ளைக் காகிதம். மடிப்பு மேல விரலை வச்சுத் தடவினா மடிப்பே இல்ல, அதுவும் படம்தான்! மடிப்பையும் பிரிண்ட் போட்டு வித்த ஆளை நான் வாழ்க்கையில இப்பத்தான் பார்க்கிறேன்.

போட்டோவோட எல்லாத்தையும் அனுப்பினேன். முதல் ரெண்டு நாள் "பாக்குறேன் ப்ரோ". மூணாவது நாள் "கொரியர்ல மாறியிருக்கும்". கொரியர்காரன் எப்படி ஹார்ட் டிஸ்க்குள்ள போய் ஃபைல் பேரை மாத்துவான்னு கேட்டேன், அதோட என்னை பிளாக் பண்ணிட்டாரு. நான் பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்கல, அதனால அவரைத் தெரிஞ்ச ஒருத்தர் மூலமா பேசினப்போ கூட "இவரே அசலை எடுத்து வச்சுக்கிட்டு நகலைக் காட்டுறாரு"ன்னு என்னையே திருடனாக்கிட்டாரு. பிரிக்கிறதுல இருந்து கடைசி இதழ் வரைக்கும் ஒரே வீடியோவா எடுத்து வச்சுக்கோங்க.

அப்போ பழைய இதழ்ல என்ன இருக்குன்னு பார்க்கிறதுக்கு வேற வழியே இல்லையான்னா, இருக்கு, கொஞ்சம் பொறுமை வேணும். கட்டுரை மட்டும் போதும்னா ராக்ஸ் பேக்பேஜஸ்னு சந்தா கட்டிப் படிக்கிற தொகுப்பு 2001ல இருந்தே இருக்கு, பழைய இசைப் பத்திரிகை எழுத்துக்கள் நிறைய, சில பல்கலைக்கழக நூலகங்கள் சந்தா வச்சிருக்கும், கேட்டுப் பாருங்க. அதுல எழுத்துதான் வரும், பக்கத்தோட படமோ வரி விளம்பரமோ வராது. என்னை மாதிரி பின்பக்கக் கிறுக்கு உள்ளவங்களுக்கு பிரிட்டிஷ் லைப்ரரி மாதிரி இடம்தான் சரி, வந்த இதழை அப்படியே பாதுகாத்து வச்சிருப்பாங்க. தேதியும் பக்கமும் சரியா சொன்னா, காப்பிரைட் விதிக்கு உட்பட்டு நகல் எடுத்துக் கொடுக்கிற நூலகங்கள் உண்டு. எனக்கு வேண்டியது மொத்தமே பத்துப் பன்னிரண்டு பக்கம், அதுக்குப் போய் பத்து வருஷத்தை வாங்கினேன் பாருங்க.

காகிதமாவே வேணும்னு அடம் பிடிக்கிறவங்க ஒண்ணொண்ணா வாங்குங்க. தேதி, மொத்தப் பக்கம், நடுப்பக்கம், கடைசிப் பக்கம், இன்னிக்குத் தேதி எழுதின துண்டுச் சீட்டை மேல வச்சு எடுத்த போட்டோ, இதைக் கேளுங்க. நிஜமா இதழ் வச்சிருக்கிறவர் அஞ்சு நிமிஷத்துல அனுப்பிடுவாரு, ஏன்னா சேகரிக்கிறவனுக்கு தன் இதழைக் காட்டறதுதான் பெரிய சந்தோஷமே.

அந்த ஆளு பேரை இங்க போட முடியாது, அவருக்கு எப்படியும் மூணு பேர் இருக்கு. ஆனா போட்டோவை வச்சுக் கண்டுபிடிக்கலாம். மர அலமாரி முன்னாடி நாலு அடுக்கு, இடப்பக்கத்துல இருந்து மூணாவது அடுக்குல மேல இருக்கிற இதழ் தலைகீழா இருக்கும், அதோட வலது மூலை மடங்கியிருக்கும். அந்த இதழ் எனக்கு வந்த 48ல இல்ல.