கடலைக் கண்காணிக்க ரேடார் படமா, ஒளிப்படமா?

கப்பல் நடமாட்டத்தைத் தொடர்ந்து கவனிக்க விரும்புவோருக்கு ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் திட்டம் இரு வகைச் செயற்கைக்கோள் படங்களை இலவசமாகத் தருகிறது. சென்டினல்-1 ரேடார் அலைகளை அனுப்பித் திரும்பி வருவதைப் பதிவு செய்கிறது. சென்டினல்-2 சூரிய ஒளியில் தெரிவதைப் படம்பிடிக்கிறது. இரண்டையும் பயன்படுத்திப் பார்த்த பிறகு, நான் சென்டினல்-1 படங்களையே முதன்மையாகக் கொண்டேன்.

இரவும் மேகமும் ரேடாருக்குத் தடையல்ல என்பது பலரும் அறிந்ததே. அதனால் கிடைக்கும் ஒரு பயன்தான் என் முடிவைத் தீர்மானித்தது: வெறுமையான படத்தையும் சான்றாகக் கொள்ளலாம். ஒளிப்படத்தில் கப்பல் தென்படாவிட்டால், அது உண்மையிலேயே அங்கு இல்லையா, அல்லது மேகமோ அலைகளில் தெறிக்கும் வெயிலோ மறைத்துவிட்டதா என்ற ஐயம் நீங்குவதில்லை. ரேடார் படத்தில் கடற்பரப்பு கருமையாகவும் இரும்புக் கப்பல் பளிச்சென்ற புள்ளியாகவும் விழுவதால், காற்று மிதமான நாளில் 'இங்கே பெரிய கப்பல் இல்லை' என்று துணிந்து குறித்துக்கொள்ளலாம்.

சர்வதேசப் பயணம் செல்லும், மொத்த டன்னளவு 300-ம் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள், தம் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் வானொலி அலையில் தானாக அறிவிக்கும் ஏஐஎஸ் கருவியை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கருவி சொல்லும் இருப்பிடங்களை ரேடார் புள்ளிகளோடு பொருத்தினால், அடையாளம் சொல்லாமல் செல்பவை தனித்து நிற்கும். 2024-ல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, தொழில்முறை மீன்பிடிக் கப்பல்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு பொதுக் கண்காணிப்புக்குள் வருவதே இல்லை என்று கண்டதற்கு இந்த ஒப்பீடே அடிப்படை. பொருத்தும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நகரும் கப்பலின் புள்ளி, அதன் வேகத்தையும் திசையையும் பொறுத்து, உண்மையான இடத்திலிருந்து பல நூறு மீட்டர் விலகி விழக்கூடும், கப்பல் ஓரிடத்திலும், அது விட்டுச் சென்ற நீர்த்தடம் வேறிடத்திலுமாகத் தெரியும்.

ரேடாரின் குறைகளும் சிறியவையல்ல. மரத்தாலும் ஃபைபராலும் ஆன சிறு படகுகள் பெரும்பாலும் சிக்குவதில்லை. பலத்த காற்றில் அலைகளே பளிச்சிட்டுப் புள்ளிகளை விழுங்கிவிடும். எண்ணெய்ப் படலமும் காற்றில்லாத அமைதியான நீரும் ஒரே கருமையாகத் தெரிவதால், கசிவு என்று அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது. இரண்டு சென்டினல்-1 செயற்கைக்கோள்களில் ஒன்றான சென்டினல்-1பி 2021 டிசம்பரில் பழுதான பின், 2024 டிசம்பரில் சென்டினல்-1சி ஏவப்படும் வரை ஒரே செயற்கைக்கோளை நம்பியிருக்க நேர்ந்ததால் படங்களின் இடைவெளியும் கூடியது.

ஒளிப்படத்தின் பலம் அடையாளம் காண்பதில் இருக்கிறது. ஒரு பிக்சல் 10 மீட்டர் அகலத்தைக் காட்டும் சென்டினல்-2 படத்தில் பெரிய கப்பலின் வடிவமும் தளத்தின் நிறமும் ஓரளவு பிடிபடும். வணிக நிறுவனங்கள் விற்கும் இன்னும் நுண்ணிய படங்களை நான் அதிகம் கையாண்டதில்லை என்பதால், அவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. இரண்டு சென்டினல்களும் கரையோரக் கடல்களையே முறையாகப் படம்பிடிக்கின்றன என்பதால், நடுக்கடலைக் கவனிக்க விரும்புவோருக்கு இரண்டுமே போதாது.

ரேடாரில் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் புள்ளி எண்ணெய்த் தளமா, காற்றாலையா என்று உறுதிசெய்ய மட்டும் நான் சென்டினல்-2-ஐ நாடுகிறேன். அசையாத பொருளுக்கு மேகம் விலகும் நாள் வரை காத்திருக்கலாம்.