கார்பன் கோலா, செனன் பல்பா?

வின்சர், ராணி, மனோகரா என்று யாழ்ப்பாணத்துப் படமாளிகைகளை நினைப்பவர்கள் நடிகரைப் பேசுவார்கள். படம் ஓட்டும் மெசின் அறையை, அங்கே திரைக்கு ஒளி கொடுத்த விளக்கை யாரும் பேசுவதில்லை.

கார்பன் ஆர்க் விளக்கில் இரண்டு கார்பன் கோல்கள். நேர்மின்னோட்டம் கொடுத்து நுனிகளை ஒருகணம் முட்டவைத்துப் பிரித்தால் சுடர் பிடிக்கும். கோல் எரிய எரிய இடைவெளி கூடும். ஒப்பரேற்றர் கவனம் பிசகினால் திரை மங்கி, பிறகு சுடரே அறுந்துபோகும், கீழே விசில் பறக்கும். கோலின் செப்புப் பூச்சு உருகித் தெறித்தால், ஒளியைத் திரைப்பக்கம் திருப்பும் பின்கண்ணாடியில் குழி விழும். புகைக்குக் கூரைவரை குழாய் வேண்டும். 2000 அடி பட றீல் ஏறக்குறைய 22 நிமிடம்; அதனால் இரண்டு மெசின்கள் மாறிமாறி ஓடும். திரையின் வலது மேல்மூலையில் றீல் முடியப்போவதைக் காட்டும் முதற்புள்ளி தெரிந்ததும் மற்ற மெசினின் மோட்டரைத் தொடக்கி, சுமார் 7 நொடியில் வரும் இரண்டாம் புள்ளியில் மாற்றவேண்டும். அதற்கு முன்பே அங்கே சுடர் ஏற்றியிருக்க வேண்டும்.

செனன் வாயு அடைத்த பல்பில் இந்தப் பாடு இல்லை. ஒரு பல்பு 1000 மணித்தியாலம்கூட உழைக்கும். ஆனால் ஆறிய பல்பிலும் வாயு அமுக்கம் உண்டு. முகக்கவசம், கையுறை இல்லாமல் தொடக்கூடாது. பல்பின் குவாட்ஸ் கண்ணாடியில் விரலெண்ணெய் படிந்தால் அந்த இடம் பழுதாகி, பல்பு வெடிக்கவும் கூடும். அணைத்தபின் விசிறி சில நிமிடம் ஓடவேண்டும். கரண்ட் திடீரெனப் போனால் விசிறியும் நிற்கும். ஜெனரேற்றரை நம்பிய ஊரில் அதுதான் பெரிய வில்லங்கம்.