காண்டெண்டர் பீன்ஸ்: தாப்பாவில் இரண்டு வருஷம், ஆறு போகம்

அண்ணி நேற்று ராத்திரி ஒரு விதைப் பாக்கெட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டு, "இது நீ நட்ட அதே சாமான்தானே? விலை பாதியா இறங்கியிருக்கு, வாங்கிப் போட்டுறவா?" என்று கேட்டார். காண்டெண்டர் என்ற ரகம், செடி பீன்ஸ். "வேண்டாம் அண்ணி" என்று இரண்டு சொல்லில் முடித்திருக்கலாம். மலேசியாவில், இந்தத் தாப்பாவில் ஆறு தடவை நட்டுத் தொலைத்தவளுக்கு இரண்டு சொல் போதவில்லை.

கம்பு வேண்டாம், பந்தல் வேண்டாம், முழங்கால் உயரம், ஐம்பது ஐம்பத்தைந்து நாளில் காய் என்பதெல்லாம் பாக்கெட்டின் பின்னாலேயே போட்டிருக்கும். அதில் பொய்யில்லை. ஐந்தாம் நாள் மண்ணைப் பிளந்துகொண்டு தலை நீட்டிவிடும். முப்பத்தைந்தாம் நாள் இலையை விலக்கிப் பார்த்தால் கொத்துக் கொத்தாகப் பூ. அன்றைக்குத்தான் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். அதற்கப்புறம் படம் எடுக்க ஒன்றும் இல்லை.

என் எரிச்சல் முழுக்க இந்தப் பூவில்தான். காலையில் தண்ணீர் ஊற்றக் குனிந்தால் மண்ணெல்லாம் பூ. கொத்தோடு காம்பு சேரும் மூட்டில் மெல்லிய மஞ்சள் கட்டியிருக்கும். விரல்கூடப் பட வேண்டாம், பக்கத்துக் கிளையை நகர்த்தினாலே உதிரும். ஒரு நாள் ஆத்திரத்தில் உட்கார்ந்து எண்ணினேன். ஒரே செடிக்குக் கீழே 23 பூ. செடியில் பிஞ்சு இரண்டு.

பக்கத்து வீட்டு மாமா, "தேனீ வரல, அதான்" என்றார். அவர் பேச்சை நம்பி, மகனுடைய வாட்டர்கலர் பிரஷை எடுத்து ஒரு வாரம் பூப்பூவாகத் தடவிக்கொண்டிருந்தேன். பீன்ஸ் பூ விரிவதற்கு முன்னாலேயே மகரந்தம் சூல்முடியில் விழுந்துவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. தாலி கட்டி முடிந்த பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்த கதை.

காரணம் சூடு. இங்கே பகலில் 32, 33 டிகிரி. அதுகூடப் பரவாயில்லை, ராத்திரியிலும் 23, 24க்குக் கீழே இறங்குவதில்லை. ராத்திரிப் புழுக்கத்தில் பீன்ஸின் மகரந்தம் வீணாகிவிடும், செடி பூவை உதறிவிடும். வயிற்றெரிச்சல் என்னவென்றால், கேமரன் மலைக்கு ஏறும் பழைய ரோடு எங்கள் ஊரில்தான் தொடங்குகிறது. மேலே இருக்கும் தானா ராத்தா ஊர் 1,400 மீட்டர் உயரத்துக்கு மேல். அங்கே இதே பீன்ஸ் ஏக்கர் கணக்கில் காய்க்கிறது. அங்கே விளைந்த புஞ்சிஸை, அதாவது பீன்ஸை, வாரச் சந்தையில் வெள்ளி கொடுத்து வாங்கிவந்துவிட்டு, வாசலில் உதிர்ந்து கிடக்கும் என் பூவைக் கூட்டித் தள்ளுகிறேன்.

வேறு ரகம் பார்க்கவில்லையா என்று அண்ணி கேட்பார், தெரியும். பார்த்தேன். ப்ரொவைடர் 1965இல் வந்தது. குளிர்ந்த மண்ணிலும் முளைக்கும் என்று குளிர் நாட்டுக்காரர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். தாப்பாவில் மண் என்றைக்குக் குளிர்ந்தது? புளூ லேக் 274, கொடி ரகத்திலிருந்து குட்டையாக்கியது. வாயில் வைத்தால் அதுதான் ருசி. வாயில் வைக்கத்தான் காய் இல்லை. ராயல் பர்கண்டி ஊதாக் காய். இலைக்கு நடுவே பளிச்சென்று தெரியும், பறிக்க ஒன்று விடாது. ஊதாப் பொரியல் கிடைக்கும் என்று மகன் காத்திருந்தான். கொதிநீரில் போட்ட கொஞ்ச நேரத்தில் பச்சையாகிவிட்டது. அந்த நிறம் சூட்டில் நிற்காது. "ஏமாத்திட்டீங்கம்மா" என்று தட்டைத் தள்ளிவிட்டுப் போனான். நான்கில் காய் என்று சொல்லிக்கொள்ள மிச்சமிருந்தது 1949இல் வந்த இந்தக் கிழட்டுக் காண்டெண்டரிடம்தான். சூட்டைக் கொஞ்சம் தாங்குகிற ரகம் என்று பெயர் வாங்கியது. கொஞ்சம் என்ற சொல்லைக் கவனிக்கவும்.

பழியை முழுக்க செடிமேல் போடவும் முடியாது. முதல் போகத்தில் விதையை ராத்திரி முழுக்க ஊறவைத்தேன், பாதி வெடித்து மண்ணில் அழுகிப்போனது. இரண்டாவதில் கோழி எருவை வாரிக் கொட்டினேன். இலை மட்டும் காடாக வளர்ந்தது. மூன்றாவதில் இரண்டு இலை விட்ட செடியெல்லாம் ஒவ்வொன்றாகத் தொங்கின. தண்ணீர் போதவில்லை என்று மேலும் மேலும் ஊற்றினேன். செத்த ஒன்றைப் பிடுங்கி, மண்மட்டத்தில் வீங்கியிருந்த தண்டை நகத்தால் கீறிப் பார்த்தால், தோலுக்கு அடியில் சீரகத்தைவிடச் சின்னதாய், பழுப்பாய் மூன்று கூட்டுப்புழு. பீன்ஸ் ஈ. இலையில் முட்டையிடும், புழு தண்டு வழியாகக் கீழே இறங்கித் தின்னும். இப்போது முளைத்த அன்றைக்கே மெல்லிய வலை போட்டுவிடுகிறேன், பத்தாம் நாள் தண்டைச் சுற்றி மண் அணைக்கிறேன். தப்பிய தண்டு மேலே புது வேர் விட்டுப் பிழைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு ஈ எனக்குப் பிரச்சினையில்லை. பூதான்.

அம்மாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், தோட்டத்து லயத்துக் கொல்லையில் பயத்தங்காய் (நீளக் காராமணி) போட்டே எங்களை வளர்த்தவர். "நாலு கம்ப நட்டு பயத்தங்காய ஏத்திவிட்டா வெயில் அடிக்க அடிக்கக் காய்க்கும். நீ என்னாடான்னா குளிர்ல பொறந்தத கூட்டியாந்து வெயில்ல நிறுத்திட்டு அழுவுற," என்பார். சொல்வது சரிதான். அதனாலேயே கோபம் வரும்.

ஆனால் ஐந்தாவது போகத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். போன அக்டோபர் நடுவில் விதைத்தேன். வீட்டுக்குக் கிழக்கே, மதியத்துக்கு மேல் சுவர் நிழல் விழும் இடம். மேலே கறுப்பு வலை. பூவெடுத்த நேரம் நவம்பர் மழை, வாரக்கணக்கில் வானம் மூடியே கிடந்தது. உதிர்ந்தது, ஆனால் எல்லாம் உதிரவில்லை. பன்னிரண்டு செடியில் இரண்டு வாரத்துக்கு நாள்விட்டு நாள் ஒரு கைப்பிடி. பறித்த கையோடு ஒன்றை ஒடித்தால் டக்கென்று சத்தம், நார் இல்லை, ஒடிந்த இடத்தில் தண்ணீர் முத்தாக நிற்கும். தேங்காய்ப்பூ தூவிய பொரியலை அம்மாவே இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார், வாயைத் திறக்காமல். கடைசிக் காய்களை விதைக்கு விட்டேன். தன்மகரந்தம் என்பதால் ரகம் மாறாது. மழையில் பாதி பூசணம் பிடித்தது போக, நாற்பது சொச்சம் தேறியது.

அந்தத் திமிரில் பிப்ரவரியில் ஆறாவது போகம் போட்டேன். மார்ச் வெயிலில் பூத்தது. காய் ஏழு. கிலோ இல்லை, எண்ணிக்கை.

ஆகவே அண்ணிக்கு என் பதில்: ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். உங்கள் ஊர் தெலுக் இந்தான் சூட்டுக்கு, விலை பாதியானாலும் வேண்டவே வேண்டாம். பயத்தங்காய் விதை வாங்கிக்கொள்ளுங்கள். இல்லை, வாங்கியே தீருவேன் என்றால் எனக்கும் ஒரு பாக்கெட் சேர்த்துப் போடுங்கள் அண்ணி, காசை அனுப்பிவிடுகிறேன். பூசணம் தப்பியதிலும் பத்து விதையை வண்டு துளைத்துவிட்டது. அக்டோபருக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது.