கொடைக்கானல் காட்டேஜுக்கு முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்: 18,500 ரூபாய் போச்சு

கை நடுங்க எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சீசனுக்கு முதல்முறை கொடைக்கானல் போகிறவர்கள் யாராக இருந்தாலும் இதைப் படியுங்கள்.

நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள். அம்மா இதுவரை மலையேறியதே இல்லை. மே மாத வெக்கையில் அவரை எப்படியாவது கூட்டிப்போய் ஏரியையும் பிரையண்ட் பூங்காவையும் காட்ட வேண்டும் என்று ஆசை. தங்குமிடம் தேடித்தரும் ஒரு பிரபலமான செயலியில் இரண்டு அறைக் காட்டேஜ் கிடைத்தது. நாயுடுபுரம் பக்கம், வாசலில் ரோஜாச்செடி, நல்ல மதிப்பெண், பாராட்டிய கருத்துகள் வேறு. அந்தச் செயலியின் உரையாடல் பெட்டியில்தான் விளம்பரம் போட்ட ஆள் தன் எண்ணைக் கொடுத்தான்.

பேசிய பேச்சைக் கேட்க வேண்டுமே! அம்மாவுக்கு முட்டி வலி என்றதும், "அப்போ மாடி வேண்டாம்க்கா, கீழ் ரூம் தர்றேன்" என்றான். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று நான் கேட்பதற்கு முன்பே அவனே படம் எடுத்து அனுப்பினான். "ஸ்வெட்டர் மட்டும் பத்தாதுக்கா, அம்மாவுக்கு மப்ளர் எடுத்துக்கங்க, ராத்திரி காது அடைச்சுக்கும்" என்றான். பெற்ற பிள்ளை மாதிரி அக்கறை. அந்த மப்ளர் பேச்சில்தான் முழுசாக நம்பினேன். சீசன் என்பதால் பாதிப் பணம் வாங்குவதில்லை என்று சொல்லி இரண்டு ராத்திரிக்கு 18,000 ரூபாயும் வாங்கினான். வண்டியில் மலைக்குப் போக எடுக்க வேண்டிய அரசு அனுமதிச்சீட்டான இ-பாஸையும் தானே எடுத்துத் தருவதாகச் சொல்லி வண்டிக்கு 500. ஆக மொத்தம் 18,500 ரூபாய்.

முதல் அடி வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கத்துச் சோதனைச்சாவடியில். அவன் அனுப்பிய இ-பாஸை ஸ்கேன் செய்தால் வேலை செய்யவில்லை. இ-பாஸ் இலவசம் என்பதே அங்கே நின்ற ஊழியர் சொல்லித்தான் தெரிந்தது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கும் ஊட்டிக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. அரசுத் தளத்தில் யாரும் காசில்லாமல் எடுக்கலாம். தம்பி அங்கேயே போனில் எடுத்தான். அந்தக் காட்டேஜ்காரனைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "சர்வர் பிரச்சனைக்கா, நீங்க வாங்க, டீ போட்டு வைக்கச் சொல்றேன்" என்றான்.

அவன் அனுப்பிய இடத்துக்குப் போய் இறங்கினால் அது ஒரு குடும்பம் குடியிருக்கிற வீடு. அதே ரோஜாச்செடி. வீட்டம்மா என் போனில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "போன வாரமும் இப்படித்தான் ஒரு குடும்பம் பெட்டியோட வந்து நின்னாங்க" என்றார். அவர்கள் வீட்டை அவர்கள் யாருக்கும் வாடகைக்கே விடுவதில்லையாம்.

அதற்குப் பிறகு அவன் போனை எடுக்கவில்லை. முதலில் "மீட்டிங்ல இருக்கேன்" என்று செய்தி, அப்புறம் "பணம் ஏழு வேலை நாளில் திரும்பும்", அப்புறம் பிளாக். செயலியின் வாடிக்கையாளர் சேவையோ அதைவிடக் கொடுமை. "பணம் எங்கள் வழியாக வரவில்லை, பொறுப்பேற்க முடியாது" என்ற ஒரே வரியை ஒவ்வொருவரும் வேறு வேறு பெயரில் ஒட்டுகிறார்கள். விளம்பரம் உங்கள் இடத்தில், அந்த மதிப்பெண் உங்களுடையது, அவன் எண் வந்ததும் உங்கள் பெட்டியில். என் 18,500 ரூபாய்க்கு மட்டும் பொறுப்பு இல்லையா? அந்த விளம்பரம் இதை எழுதும்போதும் அப்படியே இருக்கிறது, வாடகையை மட்டும் குறைத்திருக்கிறான்.

இருட்டின பிறகு அறை தேடி அலைந்ததும், அம்மா வண்டிக்குள் சால்வையைப் போர்த்திக்கொண்டு "ஊருக்கே போயிடலாம்டி" என்று சொன்னதும்தான் எனக்குத் தாங்கவில்லை. பணம் அடுத்த விஷயம்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. அவசரமாகச் சில மட்டும். செயலிக்கு வெளியே பணம் கேட்டால் அனுப்பாதீர்கள். வீடியோ காலில் வாசலிலிருந்து தெரு வரை நடந்து காட்டச் சொல்லுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். இ-பாஸுக்கு யாருக்கும் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். சீசனில் வண்டிகளுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு என்பதால் நீங்களே முன்கூட்டி எடுத்துவிடுங்கள்.

பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930-ஐக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறதாம். நானும் புகார் கொடுத்துவிட்டேன், எண் கொடுத்திருக்கிறார்கள், பணம் இன்னும் வரவில்லை. இதே ரோஜாச்செடிப் படத்தைப் பார்த்து யாராவது ஏமாந்திருந்தால் நீங்களும் புகார் கொடுங்கள்.