முற்றோதலா, திறனறித் தேர்வா, மேடையா?

ஜூன் பிறந்துவிட்டால் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தமிழாசிரியர்களிடம் பெற்றோர் கேட்பது இதைத்தான்: "ஐயா, பிள்ளைக்குத் தமிழ் நல்லா வருது. எந்தப் போட்டிக்கு விடலாம்?" குறள், சங்கப் பாட்டு, பழந்தமிழர் வாழ்வு என்று பார்த்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கு உருப்படியாக இருப்பவை மூன்று: திருக்குறள் முற்றோதல், தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு, தமிழ் வளர்ச்சித் துறையின் கவிதை, கட்டுரை, பேச்சுப் போட்டிகள். மார்கழியில் கோயில்களில் நடக்கும் திருப்பாவை, திருவெம்பாவை ஒப்புவித்தலை இதில் சேர்க்கவில்லை. அது பக்திக் கணக்கு.

முற்றோதலை முதலில் எடுத்துக்கொள்வோம். 1330 குறளும் சொல்ல வேண்டும். பரிசு 15,000 ரூபாய். ஒன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை யாரும் போகலாம். வரிசையாக ஒப்பித்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்துப் போகிறவர்கள்தான் திணறுகிறார்கள். அதிகாரத்தைச் சொன்னாலும், எண்ணைச் சொன்னாலும், ஒரு சொல்லை மட்டும் கொடுத்தாலும் குறள் வர வேண்டும். "உலகு என்று முடியும் குறள் சொல்லும்மா" என்றால் எந்தப் பிள்ளையும் சட்டென்று 'அகர முதல' என்று ஆரம்பித்துவிடும். "வேற?" என்றால்தான் சிக்கல். நீத்தார் பெருமையிலேயே இரண்டு இருக்கின்றன: 'பெருமை பிறங்கிற்று உலகு', 'வகைதெரிவான் கட்டே உலகு'. முதலாவதிலும் 'வகைதெரிந்து' என்று வருவதால் ஒன்றில் தொடங்கி மற்றதில் போய் முடிப்பார்கள். ஆகவே முடிவுச் சொல்லை வைத்துத் தனியாக ஒரு நோட்டுப் போட்டுப் பழக்குவதுதான் சரி.

நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் 133 நாள். மறந்ததைத் திரும்பப் பார்க்க அதே அளவு காலம் வேண்டும். இடையில் 250 குறளோடு காமத்துப்பால் வேறு. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படிப் பொருள் சொல்வது என்று நெளியும் பெற்றோர் உண்டு. பிள்ளைகள் நெளிவதில்லை, மடமடவென்று மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இந்தப் போட்டியில் எனக்குப் பிடித்த விஷயம், யாரையும் முந்த வேண்டியதில்லை என்பது. சொல்லத் தெரிந்தால் பரிசு. தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் ஏராளம். பேச்சு மேடையில் நடுவர் காது அவர்கள் உச்சரிப்பில் போய் நின்றுவிடும். குறளில் அந்தத் தொல்லை குறைவு. யாப்பே நாக்கைப் பிடித்து நடத்திவிடுகிறது. குறை என்று சொன்னால், பொருள் தெரிவது கூடுதல் தகுதிதான், கட்டாயமில்லை. ஒருமுறை பரிசு வாங்கியவர் மறுபடி போகவும் முடியாது.

பணக் கணக்குப் பார்த்தால் திறனறித் தேர்வுக்குப் பக்கத்தில் எதுவும் வராது. 2022இல் தொடங்கியது. பிளஸ் ஒன் படிப்பவர்கள் எழுதலாம். தேர்வானால் மாதம் 1,500 ரூபாய், இரண்டு வருடத்துக்கு. மொத்தம் 36,000. மாநிலம் முழுக்க எடுப்பது 1,500 பேரைத்தான் என்றாலும் அதில் பாதி இடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கியது. வினாக்கள் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தை ஒட்டிய கொள்குறி வகை. முல்லைப்பாட்டு, மலைபடுகடாம், புறப்பொருள், யாப்பு, அணி என்று சில மாதம் முன்பு பரீட்சைக்குப் படித்ததேதான்.

ஆனால் பொதுத் தேர்வு முடிந்த கையோடு அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்க் கடைக்குப் போட்டுவிடுகிறோமே, அதுதான் கேடு. இலக்கணம்தான் ஆளைத் தள்ளும் என்பது என் அபிப்பிராயம். அதற்கு எங்கள் ஊரில் ஒரு வசதி இருக்கிறது. ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை என்று பன்னிரண்டு திணையையும் உருப்போடுவதற்கு முன், தருமபுரி அருங்காட்சியகத்து நடுகற்களைப் பிள்ளைக்கு ஒருமுறை காட்டிவிடுங்கள். கையில் வில்லோ வாளோ ஏந்தி நிற்கும் வீரன். இந்தப் பக்கத்துக் கல்வெட்டுகளில் 'தொறு மீட்டுப் பட்டான்' என்றே வரும். தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். கரந்தைத் திணை கண்ணெதிரே நிற்கிறது, அதற்குமேல் உருப்போட என்ன இருக்கிறது?

மூன்றாவது, மேடை. பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்கு மாவட்ட அளவில் முதல் பரிசு 10,000, அடுத்து 7,000, பிறகு 5,000. பெற்றோருக்கு அதிகம் பிடித்தது இதுதான், போட்டோ வரும். என் கணிப்பில் மூன்றிலும் நம்பிப் போக முடியாததும் இதுதான். குரல், நடுவரின் ரசனை, அன்றைக்கு வாய்க்கும் தலைப்பு என்று பிள்ளையின் கையில் இல்லாதவை அதிகம். அஞ்செட்டியிலிருந்து விடியற்காலைப் பஸ் பிடித்து வரும் பிள்ளை பாதி களைப்பிலேயே மேடை ஏறும்.

போவதானால் சரக்கோடு போகட்டும். தருமபுரியின் பழைய பெயரான தகடூர் என்றதும் எல்லோரும் அதியமானின் நெல்லிக்கனியைத்தான் எடுப்பார்கள். நடுவர்களுக்கு அது அலுத்துப்போன கனி. அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போனதாகச் சொல்லும் புறநானூறு 95ஐ எடுங்கள். உன் வேல்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவல் மிக்க வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. எங்கள் மன்னனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். போருக்கே போகாதவன் என்று இதைவிட நாசூக்காகச் சொல்ல முடியுமா? கட்டுரைக்கு 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கிடைத்த அதியமான் நெடுமான் அஞ்சியின் தமிழி (பழைய தமிழ் எழுத்து) கல்வெட்டு இருக்கிறது. கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு அகழாய்வு நடந்த மயிலாடும்பாறை: அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள்.

இந்த மூன்றிலும் இல்லாத ஒன்றை அமெரிக்காவில் லத்தீன் படிக்கும் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கிறார்கள். செர்டாமென் என்று பெயர். நாலு பேர் கொண்ட அணி, கையில் பஸ்ஸர். இலக்கணம், புராணம், ரோமானியர் வாழ்க்கை எல்லாம் கலந்து கேள்வி வரும். முதல் கேள்விக்குச் சரியாகச் சொன்ன அணிக்குக் கூடுதலாக இரண்டு கேள்வி. திணையும் நடுகல்லும் கலந்து இதுபோல ஒன்றைப் பள்ளித் தமிழ் மன்றமே நடத்தலாம், பெரிய செலவில்லை.

ஆக, கேட்கிற பெற்றோருக்கு நான் சொல்லும் வரிசை இது: ஆறாம் வகுப்பில் குறளைத் தொடங்கி எட்டாம் வகுப்புக்குள் முற்றோதலை முடித்துவிடுங்கள். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை வீட்டிலேயே வைத்திருங்கள். மேடை ஆசை இருந்தால் பிளஸ் ஒன்னில் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் திறனறித் தேர்வை எழுதியபிறகு. அதற்கான விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகத்தான் போக வேண்டும். ஆகஸ்டிலேயே ஒருமுறை பள்ளிக்குப் போய் நினைவுபடுத்திவிடுங்கள்.