ஹைக்யூ: ஆடும் ஆறு பேருக்கு வெளியே இருப்பவனின் கதை

ஜப்பானிய வாலிபால் அனிமே ‘ஹைக்யூ’ பற்றி யாரிடம் கேட்டாலும், குட்டைப் பையன் ஹினாட்டா எவ்வளவு உயரம் எம்பிக் குதிக்கிறான் என்றுதான் ஆரம்பிப்பார்கள். சரி, அவன் கதாநாயகன். ஆனால் எனக்கு அந்தத் தொடரின் உயிர் யமகுச்சி.

பணகுடிப் பக்கம் பள்ளிப் பையன்களுக்கு வாலிபால் சொல்லிக்கொடுக்கிறேன். கோயில் கொடை, பொங்கல் என்றால் இங்கே மின்னொளிப் போட்டி இல்லாமல் இருக்காது. ஆட்டத்தைத் தப்பாகக் காட்டினால் எனக்கு உடனே கண்ணை உறுத்தும். இதில் உறுத்தவில்லை. மூலக் காமிக்ஸை 2012 முதல் 2020 வரை வரைந்த ஹருய்ச்சி ஃபுருடாதே, பள்ளியில் வாலிபால் ஆடியவர். அது தெரிகிறது.

கராசுனோ பள்ளி அணியில் முதலாம் ஆண்டுப் பையன்கள் நான்கு பேர். மூன்று பேர் ஆடும் அணியில் இருக்கிறார்கள். யமகுச்சி மட்டும் வெளியே. அவனாகவே போய், அதே பள்ளியில் முன்பு ஆடி இப்போது கடை நடத்தும் அண்ணன் ஒருவரிடம் ஃப்ளோட் சர்வீஸ் கற்கிறான். பந்து சுழலவே கூடாது. உள்ளங்கையின் அடியால் தட்டிவிட்டுக் கையை அப்படியே நிறுத்த வேண்டும். மணிக்கட்டு கொஞ்சம் மடங்கினாலும் பந்து சுழன்று சாதாரண சர்வீஸாகிவிடும். சுழலாமல் போகும் பந்துதான் கடைசி நேரத்தில் ஆடி, எடுக்கிறவன் கையை ஏமாற்றும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும்போது எங்கள் மைதானத்தில் அந்தப் பந்து எங்கே போகும் என்று போட்டவனுக்கே தெரியாது.

முதல் தடவை இறக்கிவிடும்போது அவன் சர்வீஸ் வீணாகிறது. அது கூடப் பரவாயில்லை. இரண்டாவது சீசனில் இன்னொரு ஆட்டம்: பயந்துபோய், கற்ற சர்வீஸை விட்டுவிட்டு, சும்மா பந்தை அந்தப் பக்கம் அனுப்பி வைக்கிறான். தப்பு எதுவும் நடக்கவில்லை, பந்து உள்ளேதான் விழுகிறது. ஆனாலும் திரும்பி வரும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியாது. உள்ளே விழுந்த சர்வீஸுக்காக ஒருவன் வெட்கப்படுவதை எழுதியிருக்கிறார்களே, அங்கேதான் நான் இந்த எழுத்தை முழுசாக நம்பினேன். எங்கள் பையன்களிடம் அந்த முகத்தை எத்தனையோ சாயங்காலம் பார்த்திருக்கிறேன். பிறகு ஆவோபா ஜோசாய் அணிக்கு எதிராக அவன் மறுபடி கோட்டுக்குப் பின்னால் போய் நிற்கும்போது எனக்கு உள்ளங்கை வியர்த்தது.

அவன் கூட்டாளி சுகிஷிமா நேர் எதிர். உயரம் உண்டு, மூளை உண்டு, ஆசை மட்டும் இல்லை. அண்ணன் தன்னை அணியின் நட்சத்திரம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறான். தம்பி ஆட்டம் பார்க்கப் போனால் அண்ணன் கேலரியில் நிற்கிறான். உயிரைக் கொடுத்து ஆடி என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் அன்றைக்கு விழுந்தது. மூன்றாவது சீசனின் பத்து எபிசோடும் ஷிராடோரிசாவா அணியோடு ஒரே ஆட்டம். அதில் எதிரணி நட்சத்திரம் உஷிஜிமாவின் அடியை சுகிஷிமா தனி ஆளாக பிளாக் செய்யும் இடத்துக்கு முன்னால் ஒரு செட் முழுக்க அவன் கணக்குப் போடுவதைக் காட்டுகிறார்கள்: எந்தப் பக்கத்தை அடைத்தால் பந்து பின்னால் நின்று எடுக்கும் தன் அணிக்காரன் நிஷினோயா கைக்குப் போகும், எத்தனை தடவை தொட்டுத் தொட்டு விட்டால் அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் எதிரணி செட்டருக்குப் பொறுமை போகும். அதனால்தான் பிளாக் செய்ததும் அவன் கத்தும் கத்தல் நம்மை உலுக்குகிறது.

நான்காவது சீசனில் இனாரிசாகி கேப்டன் கிட்டாவையும் விட்டுவிடக் கூடாது. மூன்றாம் ஆண்டில்தான் அவனுக்கு ஜெர்சியே கிடைக்கிறது. பாட்டி சொல்லிக்கொடுத்தபடி தினசரி வேலையை ஒழுங்காகச் செய்கிறவன், ஒன்றாம் நம்பர் ஜெர்சியை வாங்கியதும் அழுதுவிடுகிறான். எதிரணிக்காரனுக்கு இவ்வளவு இடம் கொடுக்கிற விளையாட்டுக் கதையை நான் வேறு பார்த்ததில்லை.

குறையும் உண்டு. பெண்கள் அணித் தலைவி மிச்சிமியாவின் தோல்வியைக் கொஞ்ச நேரமே காட்டினாலும் அவ்வளவு நன்றாக எழுதிவிட்டு, அப்படியே விட்டுவிட்டார்கள். எனக்கு அது மனத்தாங்கல்தான். நான்காவது சீசனில் இயக்குநர் மாறி, முகங்களை வரையும் விதமும் மாறியிருக்கிறது. சில இடங்களில் படம் சோர்ந்து தெரிகிறது.

நான்கு சீசனும் சேர்த்து 85 எபிசோடு. ஜப்பானியக் குரலிலேயே பாருங்கள், சப்டைட்டில் போதும். முதல் சில எபிசோடுகளில் கத்தலும் சிரிப்பும் கூடுதலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். 2024-இல் வந்த, நெக்கோமா அணியோடு ஆடும் திரைப்படத்தை நான்கு சீசனும் முடித்த பிறகே தொடுங்கள். அதில் நெக்கோமா செட்டர் கென்மா முகத்தில் வருகிற சந்தோஷம், அவனை ஆரம்பத்திலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் புரியும்.